விடிகாலை நாலரை மணிக்கு ஒரு பாட்டு: ‘யூ காட் த லவ்’, 1991 ரீமிக்ஸ்

விடிய விடிய ஆடச் சொல்லும் பாட்டுகளுக்கு ஹவுஸ் என்கிற மின்னணு நடன இசையில் பஞ்சமே இல்லை. கையைத் தூக்கு, நிறுத்தாதே, இன்னும் ஆடு என்று பாட்டு முழுக்க ஏவிக்கொண்டே இருக்கும். ‘தி சோர்ஸ்’ என்ற பெயரில், கேண்டி ஸ்டேட்டன் குரலில் 1991இல் வந்த ‘யூ காட் த லவ்’ அப்படி ஏவுவதே இல்லை. வாழ்க்கை அலுத்துப்போய், எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்று நினைக்கிற ஒருத்தி, உன் அன்பு இருக்கிறது, அது போதும் என்று கடவுளிடம் பாடுகிறாள். கால் வலிக்க ஆடி முடித்தவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான்.

கேண்டி ஸ்டேட்டன் அலபாமாக்காரர். 1976இல் டிஸ்கோவில் பெரிய வெற்றி கண்டு, பிறகு தேவாலயப் பாடல்கள் பக்கம் போனவர். இந்தப் பாட்டை, உடல் எடையைக் குறைக்கப் போராடும் ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்துக்காகத்தான் முதலில் பாடினார். அவர் குரலை மட்டும் தனியே எடுத்து, சிகாகோவில் ஃபிராங்கி நக்கிள்ஸும் ஜேமி பிரின்சிபிளும் செய்த ‘யுவர் லவ்’ இசைமேல் வைத்ததுதான் இந்த ரீமிக்ஸ். பிரிட்டனின் பாடல் விற்பனைப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது.

அந்த இணைப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள். சின்தசைசர் சுரங்கள் சின்னச் சின்னதாக ஏறி இறங்கிச் சுழன்றுகொண்டே இருக்கின்றன. பேஸ், அதாவது அடித்தள கனத்த ஒலி, வந்ததும் நெஞ்சுக்கூட்டில் தட்டுகிறது. குரல் எவ்வளவு உருகினாலும் அந்தச் சுழற்சி அதற்காக வளைந்து கொடுப்பதில்லை, தன்பாட்டுக்குப் போகிறது. அதனாலேயே குரலில் இருக்கிற தவிப்பு தனியாகத் தெரிகிறது. ரீமிக்ஸ் செய்தவர் அந்தக் குரலை நறுக்காமல், முழு வரிகளாக ஓடவிட்டாரே, அதற்கே கும்பிடலாம்.

நக்கிள்ஸ் 1977 முதல் சிகாகோவின் வேர்ஹவுஸ் கிளப்பில் சனி இரவு தொடங்கி ஞாயிறு பகல் வரை இசைத்தட்டு சுழற்றியவர். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் தன்பால் ஈர்ப்பு இளைஞர்கள். வேறு இடங்களில் மதிப்பில்லாதவர்கள். மது கிடையாது, ஜூஸ்தான். அந்த இடத்தை அவர் தேவாலயம் என்றே சொல்லியிருக்கிறார். அங்கிருந்து வந்த இசையோடு ஒரு தேவாலயக் குரல் சேர்ந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மான்செஸ்டரில் படித்தபோது ஒரு கிளப்பில் இதைக் கடைசிப் பாட்டாகப் போட்டார்கள். விளக்கெல்லாம் போட்டாயிற்று. தரையில் நசுங்கிய பிளாஸ்டிக் கோப்பைகள், எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கோட்டு வாங்க வரிசையில் நின்றவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். பெயர் தெரியாத ஒரு பெண்மணி என் தோளில் கைபோட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார். யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை அப்போது.

வாங்குவதாக இருந்தால் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். 1997இல் வந்த இன்னொரு ரீமிக்ஸும் நன்றாக விற்றது, 3ஆம் இடம் பிடித்தது. ஆனால் அதில் பளபளப்பு கூடிப்போய், அந்தச் சுழற்சியின் நிதானம் போய்விட்டது. 12 அங்குல இசைத்தட்டு பழைய கடைகளில் கிடைத்தால் விடாதீர்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம், பாதிப் பாட்டு பேஸில்தான் இருக்கிறது.