ஓட்டை விழுந்த இதயக் குழாய்க்கு எந்த உறை: குதிரைச் சவ்வா, பிளாஸ்டிக் துணியா?

அப்பா ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நான் வேலூரில் கேத் லேப் டெக்னீஷியன், அதாவது இதயக் குழாய் அடைப்பை ஆபரேஷன் இல்லாமல் திறக்கும் அறையில் வேலை. ஸ்டென்ட் என்பது குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலைக்குழல். திசு உறை போட்ட ஸ்டென்ட் என்றால் என்னடா என்று அப்பா ஒருநாள் கேட்டார். குதிரையின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வை எடுத்து, குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி, ஸ்டென்ட்டின் கம்பி வலைமேல் போர்த்துகிறார்கள் என்றேன். "அப்போ அதுவும் பதம் போட்ட தோல்தானே" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். ஆவாரம் பட்டையும் குரோமும் போல தோல் பதனிட குளுட்டரால்டிஹைடும் பயன்படுகிறது. ஆஸ்பத்திரியில் என்டோஸ்கோப்பை ஊற வைக்கும் சைடெக்ஸிலும் இருப்பது அதுதான். புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். சவ்வு அழுகாது, உடலும் அதோடு அதிகம் சண்டை பிடிக்காது.

சாதாரண அடைப்புக்கு இந்த உறையெல்லாம் தேவையில்லை, மருந்து பூசிய ஸ்டென்ட் போதும். உறை ஸ்டென்ட் எடுப்பது முக்கியமாக இரண்டு சமயங்களில்: ஆஞ்சியோபிளாஸ்டியில் (பலூனை ஊதி அடைப்பைத் திறக்கும் சிகிச்சை) குழாய் கிழிந்தால், அல்லது குழாய் பலூன் மாதிரி வீங்கியிருந்தால். பக்கத்து நல்ல பகுதியைப் போல ஒன்றரை மடங்கு அகலம் வந்தால் அதை வீக்கம் என்கிறோம்.

கிழிசல் அபூர்வம், நூற்றில் ஒன்றுகூட இருக்காது. ஆனால் வந்தால் அறையில் இருக்கும் எல்லோருக்கும் வியர்க்கும். முன்பு வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது ஒரு ராத்திரி, சுண்ணாம்பு ஏறிய எல்ஏடி குழாயில் (இதயத்தின் முன்பக்கப் பெரிய ரத்தக்குழாய்) பலூனை ஊதியதும், எக்ஸ்ரேயில் குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் டை திரையில் வெளியே பீச்சியடித்தது. 1994-இல் எல்லிஸ் என்ற டாக்டர் இந்தக் கிழிசல்களை வகை பிரித்த பட்டியலில் இது மூன்றாம் வகை, மோசமான வகை. இதயப் பைக்குள் வேகமாகச் சேர்ந்தால் 200 மில்லி ரத்தமே ஆளைச் சாய்த்துவிடும். டாக்டர் பலூனைக் கிழிசல்மேல் வைத்து ஊதி அடைத்துவிட்டு, "கவர்ட் ஸ்டென்ட் என்ன இருக்கு?" என்றார். ரேக்கில் இரண்டுதான் இருந்தன.

முதலில் எடுத்தது பழைய சாண்ட்விச் வகை. இரண்டு ஸ்டென்ட்டுகளுக்கு நடுவே பிடிஎஃப்இ படலம். தோசைக்கல்லில் பூசும் டெஃப்ளானின் சொந்தக்காரன். கிழிசலை நன்றாக அடைக்கும், அதில் சந்தேகமில்லை. தடிமன்தான் வில்லன். வளைவில் போய் நின்றது, தள்ளத் தள்ள கைடு (ஸ்டென்ட்டை உள்ளே கொண்டுபோகும் குழல்) பின்னால் வந்தது. ஒவ்வொரு முயற்சிக்கும் பலூனை இறக்க வேண்டும், இறக்கினால் மறுபடி ரத்தம். கடைசியில் இன்னொரு பக்கத்திலிருந்து இரண்டாவது கைடு போட்டு, ஒன்றில் பலூன், மற்றதில் ஸ்டென்ட் என்று மாற்றி மாற்றி வேலை பார்த்தோம். உள்ளே போனது மெல்லிய வகை: ஒற்றை ஸ்டென்ட், மேலே 90 மைக்ரான் அளவில் பாலியூரித்தேன் நூலாம்படை. அமெரிக்காவில் 2018-இல் அனுமதி வாங்கிய பாப்பிரஸ் இந்த ரகம்தான். சிறிய சைஸ்கள் 5 பிரெஞ்ச் என்ற மெல்லிய அளவு கைடிலேயே போகும். டை வெளியேறுவது நின்றது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

குதிரைச் சவ்வு இந்த அவசரத்துக்கு எப்படி? அதுவும் ஒற்றை ஸ்டென்ட்மேல் போர்த்தியதுதான். அதனால் சாண்ட்விச் வகையைவிட வளையும். ஆனால் பிரித்தவுடன் போட முடியாது, முதலில் சலைனில் அலச வேண்டும். பிரஷர் 60-க்கு இறங்கும்போது அந்த அலசும் நேரம் ரொம்ப நீளமாகத் தெரியும். அதனால் என் ஓட்டு அவசரத்தில் பாலியூரித்தேனுக்கே.

வீக்கத்துக்குப் போடும்போது கதை வேறு. அங்கே அவசரமில்லை, முந்தின நாளே அளவெடுத்து, சைஸ் சொல்லி வரவழைக்கலாம். பிளாஸ்டிக் படலத்தின்மேல் நம் உடலின் உள்தோல் படர ரொம்ப நாளாகும். அதுவரை ரத்தம் உறையும் பயம் இருப்பதால், ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மாத்திரையையும் நிறுத்தாமல் நீண்ட காலம் சாப்பிட வேண்டும். சவ்வில் இந்தத் தொல்லை குறையும் என்பதுதான் அதை உருவாக்கியவர்களின் எதிர்பார்ப்பு. நியாயமான எதிர்பார்ப்புதான், ஆனால் கையில் இருப்பது சின்னச் சின்ன அனுபவத் தொகுப்புகளே. இதே முறையில் பதப்படுத்திய விலங்குத் திசுவாலான இதய வால்வுகளில் வருடங்கள் போகப் போக சுண்ணாம்பு படிவதையும் பார்க்கிறோம். அதனால் சவ்வு போட்டவர் மாத்திரையைச் சீக்கிரம் நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எந்த உறையானாலும் ஒரு குறை பொது. உறை தொடும் இடத்தில் கிளைக்குழாய் பிரிந்தால் அந்தக் கிளை மூடிப்போகும். பெரிய கிளை என்றால் அதுவே ஒரு ஹார்ட் அட்டாக். அங்கே பைபாஸ் சர்ஜனைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பைபாஸில் காலிலிருந்து எடுத்து வைத்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் உறை ஸ்டென்ட் போடலாமே என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டார்கள். 2003-இல் வெளியான ரெக்கவர்ஸ் ஆய்வில் 301 பேரை வைத்துப் பார்த்ததில், சாதாரண ஸ்டென்ட்டைவிட பிடிஎஃப்இ உறை மறு அடைப்பைக் குறைக்கவில்லை. அந்த ஆசை அதோடு அடங்கியது.

வால்வு போடும்போது "மாடா, பன்றியா?" என்று கேட்டு முடிவெடுக்கும் குடும்பங்களை இங்கே அடிக்கடி பார்க்கலாம். குதிரை என்றால் பெரும்பாலும் சிரித்துவிடுகிறார்கள். ஆனால் கிழிசல் நேரத்தில் வெளியே போய்க் கேட்க முடியாது. வீக்கத்துக்கு என்றால் முதல்நாளே சொல்லிவிடுவது மரியாதை.

இப்போது எங்கள் ரேக்கில் மெல்லிய பாலியூரித்தேன் மூன்று சைஸ், பெரிய குழாய்க்கென்று ஒரு பிடிஎஃப்இ. சவ்வு வகை ஆர்டர் கொடுத்தால் மட்டும் வரும்.