கோழி வழக்கு நீதிபதியின் வாழ்க்கை வரலாறு: வாங்கலாமா?

போன வருடம் எங்கள் கம்பெனிக்கு 2,400 டி-ஷர்ட் திரும்பி வந்தது. ஆர்டர் தாளில் 'நேவி ப்ளூ' என்று மட்டும் இருந்தது, ஷேடு எண் இல்லை. வாங்கியவர் நினைத்தது ஒரு நீலம், நாங்கள் சாயம் போட்டது வேறு நீலம். அந்தத் தாளை அடித்தது நான்தான். என் புலம்பலைக் கேட்ட வக்கீல் நண்பர், "கோழின்னா என்னன்னே அமெரிக்காவுல ஒரு தீர்ப்பு இருக்கு, படிங்க" என்றார். அதை எழுதிய நீதிபதி ஹென்றி ஃப்ரெண்ட்லியைத் தேடப்போய் இந்தப் புத்தகத்தில் மாட்டினேன்.

'ஹென்றி ஃப்ரெண்ட்லி: கிரேட்டஸ்ட் ஜட்ஜ் ஆஃப் ஹிஸ் எரா', எழுதியவர் டேவிட் டார்சன். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம், 2012. தலையணைக்கு வைக்கலாம், அவ்வளவு தடிமன்.

முதல் பகுதி விறுவிறு. 1903இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் பிறந்தவர், ஹார்வர்டில் சட்டம் படித்து, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராண்டைஸிடம் உதவியாளராக இருந்து, பிறகு பான் ஆம் விமானக் கம்பெனிக்குத் தலைமை வக்கீல். 56 வயதில்தான், 1959இல், அதிபர் ஐசனோவர் அவரை இரண்டாம் வட்ட (நியூயார்க் பக்கத்து வழக்குகளைப் பார்க்கும்) மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்த்தினார். உதவியாளர்களைத் தீர்ப்பு எழுதவிடாமல் தானே கையால் எழுதுவாராம். அப்படி உதவியாளராக இருந்த ஒருவர்தான் இன்றைய அமெரிக்கத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ்.

நடுப்பகுதி எனக்குச் சரிப்படவில்லை. பங்குச் சந்தைச் சட்டம், குற்ற விசாரணை முறை என்று துறைவாரியாகப் போகிறது. சட்டம் படிக்காதவனுக்குக் கொட்டாவிதான். மனிதரைக் காணோம், தீர்ப்புகள்தான் வரிசையாக வருகின்றன.

சரி என்று புத்தகத்தை மூடிவிட்டுக் கோழித் தீர்ப்பையே தேடிப் படித்தேன். மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்துகொண்டே, கீழ் நீதிமன்றத்தில் உட்கார்ந்து 1960இல் எழுதியது. எடுத்த எடுப்பிலேயே, கோழி என்றால் என்ன என்பதுதான் கேள்வி என்று ஆரம்பிக்கிறார். சுவிட்சர்லாந்துக்காரர் ஆர்டர் போட்டது 'சிக்கன்'. இளங்கோழி வரும் என்று இருந்தவருக்குக் குழம்புக்கு வேகவைக்கும் முற்றல் கோழி வந்து இறங்கியது. இரண்டாவது சரக்கை ராட்டர்டாமிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃப்ரெண்ட்லி அகராதி, தந்திகள், அரசாங்க விதி எல்லாவற்றையும் புரட்டுகிறார். தந்திகள் பெரும்பாலும் ஜெர்மன், ஆனால் 'சிக்கன்' மட்டும் ஆங்கிலம். ஜெர்மனில் 'ஹூன்' என்றால் இரண்டு வகையும் அடங்கும், அதனால்தான் ஆங்கிலச் சொல் போட்டோம் என்று வாங்கியவர் தரப்பு. என்னைச் சிரிக்கவைத்தது விலைக் கணக்கு. பேசிய விலை பவுண்டுக்கு 33 சென்ட். சந்தையில் இளங்கோழி 35 முதல் 37 சென்ட். நஷ்டத்துக்கு எவன் விற்பான்? குறுகிய அர்த்தம்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் வாங்கியவர், நிரூபிக்கவில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

இந்த வாதத்தை எங்கள் நீலத்துக்குப் பொருத்திப் பார்த்தேன். எந்த நீலமாக இருந்தாலும் சாயக் கூலி ஒன்றுதான். எனக்கு உதவவில்லை.

கடைசி அத்தியாயங்களுக்குத் திரும்பினால் மனசு கனத்துவிடுகிறது. 1985இல் மனைவி சோஃபி போனார். அடுத்த மார்ச்சில், 82 வயதில், இவரும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இங்கேதான் மறுபடி மனிதர் தெரிகிறார்.

5க்கு 3. சட்ட மாணவர்கள் இன்னும் ஒரு மதிப்பெண் சேர்த்துக்கொள்ளலாம். கோழி மட்டும் போதும் என்பவர்கள் காசு செலவழிக்க வேண்டாம். தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம்.