கேள்வி கேட்கப் பழக்கிய வகுப்பு

பயனர் ஆய்வின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் இந்த இணைய வகுப்பில் மூன்றாம் பாடம் ஒன்றே போதும், சேர்ந்ததற்கு. "இந்தச் செயலி எளிதாக இருக்கிறதா?" என்று நான் எழுதிய கேள்வியைப் பயிற்றுநர் அடித்துவிட்டு, "கடைசியாகப் பணம் அனுப்பியபோது என்ன நடந்தது?" என்று திருத்தினார். பிறகு ஒருவரை எதிரே உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செயலியைப் பயன்படுத்தச் சொன்னேன். ரசீதைத் தேடி அவர் விரல் மூன்று முறை திரையில் மேலும் கீழும் அலைந்தது. உதவத் துடித்த நாக்கை அடக்கிக்கொண்டேன். "இந்த அம்புக்குறி எதற்கு?" என்று அவரே முணுமுணுத்தார். அதுதான் பதிவிறக்கும் பொத்தான்!

ஒரு செயலியைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று பயனர்களிடம் கேட்டு அளக்க, 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய 10 கூற்று அளவுகோலும் (SUS) வகுப்பில் உண்டு. அதன் மதிப்பெண் சதவீதம் அல்ல என்று அழுத்திச் சொல்வது நன்று. குறிப்புகளைத் தொகுத்துப் பகுக்கும் பாடத்தைத்தான் அநியாயமாக அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள்.