வன்னியில் இருந்துகொண்டு 'நூலகம்' பாவிப்பது

இலங்கையின் வடக்கே, வன்னியில் விசுவமடுப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தில் ஒரு வாசிகசாலை இருக்கிறது. காலையில் நான் முன்பள்ளிப் பிள்ளைகளோடு. பின்னேரம் நாலு மணிக்கு வாசிகசாலைத் திறப்பு என் கையில். இரண்டு அலுமாரி, ஒரு நீள மேசை, அன்றைய பத்திரிகை, ஒரு பழைய டேப்லெட். அந்த டேப்லெட்டில் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தை ஒரு வருடத்துக்கு மேலாகப் பாவிக்கிறேன். எப்படி இருக்கிறது, எங்கள் பக்கம் சரிவருமா என்று பலர் கேட்பதால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நூலகம் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய முயற்சி. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் எழுத்துகளை ஸ்கான் செய்து, எவரும் காசு கொடுக்காமல் வாசிக்கும்படி இணையத்தில் வைக்கிறார்கள். நூல், இதழ், பத்திரிகை மட்டுமில்லை. பாடசாலை மலர், கோயில் கும்பாபிஷேக மலர், செத்தவீட்டுக்கு அடிக்கிற நினைவு மலர் என்று, வழக்கமாக அலுமாரியில் ஏறாத கடதாசிகளும் அங்கே இருக்கின்றன. என்னைக் கேட்டால் வன்னிக்கு அதுதான் முதலாவது தேவை.

ஏனென்றால் எங்கள் வீடுகளில் பழைய கடதாசி இல்லை. 2008 கடைசியில் சண்டை நெருங்கி, கிளிநொச்சிப் பக்கமிருந்து கிழக்கே இடம்பெயரத் தொடங்கியபோது உழவு இயந்திரப் பெட்டியில் எல்லாவற்றையும்தான் ஏற்றினோம். தர்மபுரத்தில் பாதியை இறக்கினோம், அதற்கங்கால் மீதியையும் விட்டோம். முகாமுக்குள் போகும்போது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வைத்த பொலித்தீன் பைதான் கையில் மிஞ்சியது. அப்பப்பா வருடாவருடம் எழுதி வைத்த விதைப்புக் கணக்குக் கொப்பிகள் றங்குப் பெட்டியோடு போயின. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று எல்லோரும் சொல்வோம். வன்னியில் வீடு வீடாகப் போனதை ஒருவரும் எண்ணவில்லை.

போன வைகாசியில் ஒரு ஐயா வந்தார். எழுபதைத் தாண்டியவர். வெளிவாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "பிள்ளை, எங்கட பள்ளிக்கூடம் அடிச்ச மலர் ஒண்டில என்ர தம்பி கட்டுரை எழுதினவன். இதுக்குள்ள இருக்குமோ?" என்று கேட்டார். தம்பி இப்போது இல்லை. எந்த வருடம் என்று கேட்டேன். அறுபதுகளின் கடைசி என்றார், அவ்வளவுதான் தெரியும்.

பாடசாலையின் பெயரை வித்தியாலயம், மகா வித்தியாலயம், ம. வி. என்று மூன்று விதமாகப் போட்டுத் தேடினேன். மூன்றாவது தரம் வந்தது. நூலகத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு விபரப் பக்கம் இருக்கும். நூலக எண், ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள், அதற்குக் கீழே உள்ளடக்கம். அந்த உள்ளடக்கத்தை யாரோ ஒருவர் இருந்து வரி வரியாகத் தட்டெழுதி வைத்திருக்கிறார். அதனால்தான் உள்ளே இருக்கிற சின்னக் கட்டுரையின் தலைப்பும் எழுதிய பிள்ளையின் பெயரும் தேடலில் அகப்படுகின்றன. ஐயாவின் தம்பியின் பெயர் இருந்தது, பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு என்றும் இருந்தது.

அந்தப் பக்கத்தைத் திறந்தோம். கடதாசி தேத்தண்ணி பட்டது போல மங்கியிருந்தது. மேல் மூலையில் துருப்பிடித்த பின்னின் அடையாளம். நடுவில் இராமபாணம் அரித்த ஒரு ஓட்டை, அதற்குள்ளால் அடுத்த பக்கத்து எழுத்து ஒன்று எட்டிப் பார்த்தது. கட்டுரை இரணைமடுக் குளத்தைப் பற்றியது. ஓரத்தில் யாரோ நீல மையால் 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். ஐயா கட்டுரையை வாசிக்கவில்லை. அந்த 'நன்று' மேல் விரலை வைத்தார். பக்கம் நழுவிவிட்டது. "எங்க போட்டுது?" என்று பதறிப்போனார். திரும்ப எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு, நான் போய்ப் பத்திரிகைகளை அடுக்கினேன்.

எங்கோ ஒரு வீட்டில் அந்தப் பிரதி தப்பியிருக்கிறது. அதை யாரோ பத்திரமாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூலையை நிமிர்த்தி ஒழுங்காக ஸ்கான் செய்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் செய்தவர்கள் எவரையும் எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிடலாம்.

சரி, பாவிப்பதற்கு வருவோம். பக்கங்கள் படமாக இருப்பதால் கோப்புகள் கொஞ்சம் பெரிது. ஆனால் இணைப்புக்குப் பக்கத்திலேயே அளவு போட்டிருப்பதால், ரீலோட் போட்ட டேட்டா போதுமா என்று பார்த்துவிட்டுத் தொடலாம். எங்கள் பக்கம் மழை இருட்டினால் சிக்னல் போய்விடும். நான் செய்வது இதுதான்: பகலில் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் நூலக எண்ணோடு எழுதி வைப்பேன். இரவு டேட்டாவில் இறக்கி மெமரி கார்டில் போட்டுவிடுவேன். அடுத்த நாள் இணையம் இல்லாமலே வாசிக்கலாம், புளூடூத்தில் கொண்டும் போகலாம். ஊர்ப் பெயர்களை எல்லா விதமாகவும் எழுதித் தேடுங்கள். வற்றாப்பளை என்று வராதது வத்தாப்பளை என்று வரும். சிலவற்றுக்கு விபரப் பக்கம் மட்டும் இருக்கும், வாசிக்கக் கோப்பு இருக்காது. எழுதியவரின் உரிமை சம்பந்தப்பட்ட விஷயம், அது நியாயம்தான்.

பழைய இலக்கியம் தேவைப்படுகிறவர்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. அங்கே நூல்கள் எழுத்தாகவே இருப்பதால் சின்னப் போனிலும் சுகமாகத் திறக்கும். பாடப்புத்தகம் என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பீடிஎப் ஆக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டிக் கொடுப்பது அதைத்தான்.

மனதில் கிடக்கிற ஒன்றையும் சொல்லவேண்டும். வேறொரு பிரதேசத்துப் பொது நூலகத்துக்கு ஒரு நாள் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு கணினி, நாலுக்கும் பூப்போட்ட துணி உறை. கடவுச்சொல் தெரிந்தவர் இடமாற்றமாகிப் போய்விட்டாராம். ஒரு பிள்ளை போனை எடுத்து நூலகம் தளத்தைத் திறக்க, "இது வாசிக்கிற இடம், போனை உள்ள வை" என்று ஏசினார்கள். அந்தப் பிள்ளை வாசிக்கத்தான் எடுத்தது. முகம் வாடிப்போய் வெளியே வந்து நின்றது. எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. எண்ணிமத் தொகுப்பு வந்தால் கட்டிடம் தேவையில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அந்த ஐயா தனியே வீட்டில் இருந்து மூன்று விதமாகத் தேடியிருப்பாரா? ஒரு மேசையும், பக்கத்தில் இருந்து தேடிக் கொடுக்க ஒரு ஆளும், பக்கம் இரண்டை அச்செடுத்துக் கொடுக்க ஒரு வழியும் கட்டாயம் வேண்டும். அதை ஊர் நூலகம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வது?

நாங்கள் செய்யும் இன்னொரு வேலை வைபர் குழு. கனடா, சுவிஸ், லண்டன் என்று போன ஊர்ச்சனம் அதில் இருக்கிறது. சண்டைக்கு முந்தி இங்கிருந்து கடிதத்தோடு அனுப்பிய படங்கள் அவர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. சாமத்திய வீடு, கலியாண வீடு, முன்பள்ளி விளையாட்டுப் போட்டி. ஒரு அக்காவுக்குத் தன் கலியாணப் படம் பதினைந்து வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வந்தது. படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் நூலக நிறுவனத்தின் 'ஆவணகம்' என்ற தளம் இருக்கிறது. ஊர்ப் பொதுப் படங்களை அங்கே கொடுக்க ஒழுங்கு செய்து வருகிறோம். படமாக அனுப்பினால் வைபர் அதைச் சுருக்கி மங்கலாக்கிவிடும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாப் படத்தையும் பொதுவில் போடக்கூடாது. காணாமலாக்கப்பட்ட மகன் நிற்கிற குழுப்படம் ஒன்று வந்தபோது அந்த அம்மா, "எனக்கு மட்டும் தா பிள்ளை, வேற இடத்துல போடாத" என்றார். போடவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் அதில் நிற்கிறவர்களை, இல்லாவிட்டால் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் அடுத்த வேலை. அதற்கென்று தனிக் கொப்பி வைத்திருக்கிறேன்.

ஐயா பிறகும் வந்தார். தம்பியின் பக்கத்தை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாராம். முள்ளியவளையில் சகோதரி வீட்டில் ஒரு பழைய கும்பாபிஷேக மலர் அகப்பட்டிருக்கிறது, மட்டை இல்லை, கொண்டுவரட்டா என்று கேட்டார். கொண்டு வாருங்கள் என்றேன். உங்களிடமும் இருந்தால் கொண்டு வாருங்கள். பின்னைக் கழற்றவேண்டாம், ரேப் ஒட்டவேண்டாம், மடிப்பை விரித்து இரண்டு மட்டைக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தால் போதும். ஞாயிறு தவிர எல்லா நாளும் ஆறரை வரை திறந்திருக்கும்.