மைதான ஜெர்சியா, டிசைனர் ஜெர்சியா?

திருப்பூரில் வளர்ந்தவள் நான். எந்தச் சட்டையைக் கண்டாலும் முதலில் உள்பக்கம் திருப்பி, பேட்லாக் தையலைத்தான் (இணைப்பு தட்டையாகப் படியும் தையல்) பார்ப்பேன். அதனால்தானோ என்னவோ, "ஏனுங்கக்கா, ரெண்டுல எதை வாங்கறது?" என்று தம்பி என்னிடமே வந்து கேட்டான்.

மைதான ஜெர்சி முழுக்க பாலியஸ்டர். வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளாமல் வெளியே கடத்திவிடும், சீக்கிரம் காயும். பெரும்பாலும் சப்ளிமேஷன் பிரிண்ட்தான். சூட்டில் சாயம் ஆவியாகி நூலுக்குள்ளேயே இறங்குவதால், விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படாது. வெடிக்கவும் செய்யாது.

டிசைனர் ஜெர்சியின் அழகு வேறு. நல்லதில் கழுத்து ரிப் (இழுபடும் கழுத்துப்பட்டை) தடிமனாக இருக்கும். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஜக்கார்டு துணி என்றால் டிசைனே நூலோடு பின்னப்பட்டிருக்கும். ஆனால் கனமான பருத்தியில் தைத்ததைப் போட்டுக்கொண்டு ஓடினால், கால் மணி நேரத்தில் ஈரச்சாக்குதான்.

இரண்டு உலகமும் இப்போது ஒட்டிக்கொண்டுவிட்டன. 2014இல் ஸ்பெயின் கால்பந்து அணி ரியல் மாட்ரிட்டின் மூன்றாவது ஜெர்சியை, கருப்பில் டிராகனோடு, வடிவமைத்தவர் ஜப்பானிய டிசைனர் யோஜி யமமோட்டோ. அதைப் போட்டுக்கொண்டே ஆடினார்கள். 2022இல் விளையாட்டு உடை நிறுவனமான அடிடாஸும், இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான குச்சியும் (Gucci) கைகோத்தன.

தம்பி வாரம் மூன்று நாள் ஆடுகிறவன். அவனுக்கு மைதான ஜெர்சியைத்தான் சொன்னேன். கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் போட என்றால், சரி, மற்றதை வாங்கலாம். விலையில் பெரும்பகுதி பெயருக்குத்தான் போகிறது, துணிக்கு அல்ல.