அம்மாவின் இன்சுலின்: ஃபிரிட்ஜும் மண்கலயமும்

அம்மா இன்சுலின் போட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. வீடு குளச்சல் பக்கம். மருந்தைப் பத்திரமாக வைப்பது என் வேலை.

வெயிலுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு ஃபிரீசர் மேல்தான் பயம். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். எங்களுடையது ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜ். ஃபிரீசருக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீரே உறைந்துவிடுகிறது. ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். கதவிலோ திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். அதனால் நடுத்தட்டில், முன்பக்கமாக, மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன். பக்கத்தில் சின்ன தெர்மாமீட்டர் ஒன்று. அதற்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை.

திறந்த குப்பி வெளியில்தான். "மக்களே, தணுப்பா இருந்தா குத்தும்போது வலிக்குது" என்பார் அம்மா, அது உண்மையும்கூட. அவருடைய மருந்தை 30 டிகிரிக்குள் நான்கு வாரம்வரை வெளியில் வைக்கலாம். மருந்துக்கு மருந்து இது மாறும், அட்டையைப் பாருங்கள். திறந்த தேதியை மார்க்கரால் குப்பியிலேயே எழுதிவிடுவேன். பங்குனி, சித்திரையில் ஈர மணலில் பதித்த மண்கலயத்துக்குள், தண்ணீர் புகாத கவரில் இருக்கும். ஆனால் கடலோரக் காற்றில் ஈரம் கூடிய நாட்களில் கலயம் பெரிதாகக் குளிராது. அன்றைக்கு ஃபிரிட்ஜ்தான், ஊசி போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்தால் சரி.

மொத்தமாக வாங்கி அடுக்குவதில்லை. 2017 ஒக்கிப் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது.

அம்மாவுடையது பால்போல் கலங்கிய வகை. குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுவோம். உருட்டியபிறகும் கண்ணாடியில் திப்பிதிப்பியாக ஒட்டியிருந்தால் போட வேண்டாம்.

சிரிஞ்சு வாங்கும்போது குப்பியையும் கையில் கொண்டுபோங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. ஒரு கடையில் மாற்றி எடுத்துத் தந்தார்கள். 40 குப்பிக்கு 100 சிரிஞ்சு போட்டால், கோடு சொல்வதில் பாதிகூட உடம்புக்குள் போகாது; 100 குப்பிக்கு 40 சிரிஞ்சு போட்டால் இரண்டரை மடங்கு போய்விடும், சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கிவிடலாம்.

போட்ட ஊசி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள். வீட்டுக் குப்பையோடு போட்டால் அதை அள்ள வருகிறவர் கையில்தான் குத்தும். டப்பா முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் சுற்றி ஒட்டி, அம்மாவைப் பார்க்கும் கிளினிக்கில் கொடுக்கிறேன். எல்லா இடத்திலும் வாங்குவதில்லை, முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.