வேலை நீக்கம்: அமெரிக்காவா, ஜெர்மனியா?

அமெரிக்கக் கதை சின்னது. மொன்டானா தவிர மற்ற மாநிலங்களில் காரணமே சொல்லாமல் இன்றைக்கே அனுப்பிவிடலாம். இனம், மதம், பாலினம் பார்த்து நீக்குவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் தடை. எச்1பி விசாவில் போன நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கடி: அடுத்த வேலை பிடிக்க அதிகபட்சம் 60 நாள்.

ஜெர்மனியில் பத்துப் பேருக்கு மேல் உள்ள இடத்தில் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் தாண்டிவிட்டால், நீக்குவதற்குச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். நீக்கமும் கையெழுத்திட்ட காகிதக் கடிதமாகத்தான் வர வேண்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் எதுவும் செல்லாது. ஊழியர்கள் தேர்ந்தெடுத்த தொழிலாளர் குழு இருந்தும் அதன் கருத்தைக் கேட்காமல் நீக்கினால் நீக்கமே செல்லாது. 20 ஆண்டு உழைத்தவருக்கு ஏழு மாத நோட்டீஸ். என் ஓட்டு ஜெர்மனிக்குத்தான். ஆனால் கடிதம் வந்ததும் அசந்துவிடக் கூடாது, வழக்குப் போட மூன்றே வாரம்.